படிக்கப்படாத நூறு கடிதங்கள்

அமெரிக்காவில் ஒரு டாக்டர். நோயாளிகளுக்கு ரொம்பப் பிடித்த மனிதர். எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி அவர் ஓய்வு பெற்றபோது, மனைவி அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். கணவரிடம் நெடுங்காலம் வைத்தியம் பார்த்தவர்களின் முகவரிகளைத் தேடி எடுத்து, அவரைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி ஆளுக்கொரு கடிதம் போட்டார். பதிலுக்கு நூறு கடிதங்கள் வந்து சேர்ந்தன. நெருக்கி நெருக்கி, அன்பைக் கொட்டி எழுதியவை. பலர் போட்டோவும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அத்தனையையும் தாய்லாந்துப் பட்டு போர்த்திய ஒரு பெட்டிக்குள் அடுக்கிக் கணவர் கையில் கொடுத்தார்.

எட்டு வருஷம் கழித்து, ஓர் ஆய்வுக்காக அவரைப் பேட்டி காண ஒரு மனநல மருத்துவர் போனார். டாக்டர் பெருமையாக அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினார். ‘இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியவில்லை’ என்று ஆரம்பித்தவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கடிதங்களை அவர் இதுவரை படித்ததே இல்லையாம்.

பேட்டி காணப் போனவர் ஜார்ஜ் வேலன்ட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நெடுங்கால ஆய்வு ஒன்றை முப்பது வருஷங்களுக்கு மேல் நடத்தியவர். இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு அவர் சேர்க்கும் ஒரு வரி: நேசிக்கப்படுவதைத் தாங்கிக்கொள்வது நம்மில் பெரும்பாலோருக்கு மிகவும் கடினம்.

அந்த ஆய்வு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ‘சந்தோஷத்துக்குக் காரணம் பணமோ புகழோ இல்லை, நல்ல உறவுகள்தான், ஹார்வர்டே சொல்லிவிட்டது’ என்று சூரிய உதயப் படத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுமே, அதேதான். தகவல் தப்பில்லை. ஆனால் அதைப் படித்து யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஒரு கைகூப்பு எமோஜி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அன்பு நல்லது என்று கண்டுபிடிக்க எண்பது வருஷமும் இத்தனை லட்சம் டாலரும் தேவையா என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறு. அன்பு கிடைப்பது ஒன்று, கிடைத்த அன்பு உள்ளே இறங்குவது இன்னொன்று. இரண்டாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஆய்வு எப்படித் தொடங்கியது என்று பார்த்துவிடலாம், அதுவே ஒரு வேடிக்கையான கதை. 1938-இல் ஹார்வர்டின் மாணவர் சுகாதாரத் துறைத் தலைவராக இருந்த ஆர்லி பாக், மருத்துவ உலகம் எப்போது பார்த்தாலும் நோயையே ஆராய்கிறதே, நன்றாக இருப்பவன் எப்படி நன்றாக இருக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லையே என்று நினைத்தார். பணம் கொடுக்க வந்தவர் டபிள்யூ.டி. கிராண்ட். மலிவு விலைக் கடைகளைச் சங்கிலித் தொடராக நடத்திய முதலாளி. அவருடைய அக்கறை கடைக்கு நல்ல மேனேஜரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதில்! ஆக, மனித மகிழ்ச்சியைப் பற்றிய உலகின் மிக நீண்ட ஆய்வுகளில் ஒன்றுக்குப் பின்னால் ஆள் எடுக்கும் கவலையும் கொஞ்சம் இருந்தது.

ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் 268 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் எஃப். கென்னடி, அவருடைய கோப்பை 2040 வரை திறக்கக் கூடாது என்று தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன்களை அளந்த அளவு கொஞ்சநஞ்சமல்ல. மண்டை ஓட்டின் சுற்றளவு, புருவ எலும்பின் மேடு, கையெழுத்து, மூளை அலை, மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் சோதனை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு சமூகப் பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். பையன் எத்தனை வயதுவரை படுக்கையை நனைத்தான் என்பது வரைக்கும் பதிவு இருக்கிறது.

அதே காலத்தில் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்ற ஹார்வர்டு தம்பதி பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் இன்னோர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். குற்றத்தில் இறங்கிய சிறுவர்களோடு ஒப்பிட, அதே தெருக்களில் வளர்ந்தும் வம்புக்குப் போகாத 500 பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பலர் வீட்டில் வெந்நீர்க் குழாய் கூடக் கிடையாது. இவர்களில் 456 பேர் பிற்பாடு ஹார்வர்டு மாணவர்களின் ஆய்வோடு சேர்க்கப்பட, மொத்தம் 724 பேர் ஆனார்கள்.

ஆரம்பத்தில் ஆய்வாளர்கள் நம்பியது உடல்வாகை. அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு என்று ‘ஆம்பிளை’ உடம்பு இருப்பவன் வாழ்க்கையில் ஜெயிப்பான் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கணக்கு தோற்றது. மண்டை ஓட்டு அளவு எதற்கும் உதவவில்லை. அப்புறம் பணமும் தீர்ந்தது. கிராண்ட் நிதியை நிறுத்திய பிறகு கொஞ்ச காலம் ஒரு சிகரெட் கம்பெனி பணம் கொடுத்தது. அந்த வருஷங்களின் கேள்வித்தாளில் ‘நீங்கள் புகைபிடித்ததே இல்லையென்றால், ஏன்?’ என்று ஒரு கேள்வி எட்டிப் பார்க்கிறது. காசு கொடுப்பவரின் நிழல் ஆராய்ச்சியில் எப்படி விழும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் கேள்வித்தாள்கள் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. உலகப் போருக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், விவாகரத்தானார்கள், குடித்தார்கள், விட்டார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். எல்லாம் தாளில் ஏறியது.

1960-களின் பிற்பாதியில் இந்தக் கோப்புகளைத் திறந்தவர்தான் வேலன்ட். அவருக்குப் பத்து வயதில் தந்தை தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். சில வருஷம் கழித்து, தந்தையின் கல்லூரி வகுப்பு இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக அச்சிட்ட புத்தகம் வீட்டுக்குத் தபாலில் வந்தது. கல்லூரிக் கால முகம் ஒரு பக்கம், நடுவயது முகம் பக்கத்தில். பதிமூன்று வயதுப் பையன் அதை நாள்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தானாம். அந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் நடுவில் என்னதான் நடந்தது? ஆயுள் முழுக்க அந்தக் கேள்வியையே அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டார் என்று சொல்லலாம்.

சரி, கிடைத்த பதில் என்ன?

ஐம்பது வயதில் யார் தன் உறவுகளில் மிகவும் திருப்தியாக இருந்தாரோ, அவர் எண்பதில் மிகவும் ஆரோக்கியமாக இருந்தார். ஐம்பதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட இது சரியாக முன்கூட்டிச் சொன்னது. அறுபத்தைந்து வயதில் நன்றாக இருந்தவர்களில் 93 சதவீதம் பேர் இளமையில் ஓர் உடன்பிறப்போடாவது நெருக்கமாக இருந்தவர்கள். கல்லூரிக்காரர்களில், பிறரோடு இணக்கமான உறவுக்கு அதிக மதிப்பெண் பெற்ற 58 பேர், சம்பாத்தியத்தின் உச்ச காலத்தில், மதிப்பெண் குறைந்தவர்களைவிட வருஷத்துக்குச் சராசரியாக 1,41,000 டாலர் அதிகம் சம்பாதித்தார்கள். நல்ல மேனேஜரைத் தேடிய கிராண்டுக்கு இதுதான் பதிலோ என்னவோ. புத்திக்கூர்மை மதிப்பெண் 110-க்கு மேல் போனபின் சம்பாத்தியத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இவற்றைவிட என்னை உலுக்கியது எண்பது வயதுத் தம்பதிகளிடம் எடுத்த ஒரு கணக்கு. தினமும் எவ்வளவு வலி, மனம் எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்தார்கள். முட்டிவலியோ முதுகுவலியோ அதிகமாக இருந்த நாளிலும், இல்லறம் இதமாக இருந்தவர்களின் மனநிலை அப்படியே நின்றது. உறவு கசந்தவர்களுக்கு உடம்பு வலித்த நாளில் மனமும் சேர்ந்து வலித்தது. வலி ஒரே வலிதான், வீட்டுக்கு வீடு அதன் எடை மாறுகிறது.

இதில் கேள்வி எழாமல் இல்லை. ஆரோக்கியமும் கலகலப்பும் உள்ளவனுக்கு நண்பர்கள் சேர்வது சுலபம். உடம்புக்கு முடியாதவன் தானாகவே ஒதுங்குகிறான். அப்படியானால் எது காரணம், எது விளைவு? ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதால் எது முந்தியது என்று ஓரளவு தெரியும், முழுதாகத் தெரியாது. பெண்களே இல்லாமல் தொடங்கிய ஆய்வு என்ற குறையும் உண்டு. மனைவியரும் பிள்ளைகளும் பின்னால்தான் சேர்க்கப்பட்டார்கள். இன்னொன்றை வாட்ஸ்அப் பதிவுகள் சௌகரியமாக விட்டுவிடும். பாஸ்டன் ஏழைப் பையன்கள் எழுபதை எட்டும்போது, அவர்கள் உடம்பு எண்பதை எட்டிய ஹார்வர்டுக்காரர்களின் உடம்பைப்போல் தேய்ந்திருந்தது. வறுமை பத்து வருஷத்தைத் தின்றுவிட்டது. ஆனால் அந்த ஏழைகளிலேயே கல்லூரி வரை போய்ப் படித்து முடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆகவே ‘பணம் முக்கியமில்லை, அன்பு போதும்’ என்று யாராவது இந்த ஆய்வின் பெயரைச் சொன்னால் நம்ப வேண்டாம். படிப்பும், தண்ணீர்க் குழாயும் முக்கியம்தான்.

குடியும் அப்படித்தான். ஹார்வர்டுக்காரர்களின் கல்யாணங்கள் உடைந்ததற்குக் குடி ஒரு முக்கியக் காரணம் என்று வேலன்ட் கண்டார். மனச்சோர்வு வந்து குடிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பலருடைய கோப்பில் வரிசை தலைகீழாக இருந்தது, குடி முதலில், சோர்வு அப்புறம். நம் ஊர் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எண்களை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பார்ப்போம். ஆய்வு அவருக்கு வைத்த புனைபெயர் காட்ஃப்ரி கமீல். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் அம்மா அப்பாவிடம் நெருக்கமே கிடையாது. எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கும், பிள்ளையைத் தள்ளியே வைத்திருக்கும் வீடு. கல்லூரியில் சதா வியாதி. பாதி நேரம் மாணவர் மருத்துவமனையில்தான் இருப்பார். டாக்டர்கள் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பரிவான ஒரு டாக்டரே கடைசியில் சலித்துப்போய், இந்தப் பையன் சரியான மனநோயாளி ஆகிக்கொண்டிருக்கிறான் என்கிற மாதிரி எழுதி வைத்தார். மன உறுதிக்கு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பெண்ணில் கடைசி வரிசை. மருத்துவப் படிப்பை முடித்த கையோடு தற்கொலைக்கு முயன்றார். இந்த இடத்தில் யாரைக் கேட்டாலும் ‘இவர் தேறமாட்டார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முப்பத்தைந்து வயதில் அவருக்குக் காசநோய் வந்தது. பதினான்கு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை. கேட்பதற்கு இடிமேல் இடி. அவரோ உள்ளூர மகிழ்ந்தார். ஒரு வருஷம் படுத்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்க முடியாது! இதுநாள் வரை இல்லாத வியாதியைச் சொல்லித் தேடிய கவனிப்பு, இப்போது உள்ள வியாதிக்கு உரிமையாகக் கிடைத்தது. நர்சுகள், டாக்டர்கள், மூன்று வேளைச் சாப்பாடு, தலைமாட்டில் வந்து விசாரிக்கிற ஆட்கள். தன்மேல் யாரோ அக்கறை வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு அங்கேதான் முதல்முறையாக உள்ளே இறங்கியது. அதை அவர் ஆன்மிக அனுபவமாகவே பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

வெளியே வந்தவர் நல்ல டாக்டர் ஆனார், பாசமான தகப்பன் ஆனார், சர்ச்சில் நாலு பேருக்கு வேண்டியவர் ஆனார். எழுபதைத் தாண்டியபின், பிள்ளைகளிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, அன்பைக் கற்றுக்கொண்டேன் என்று கண்கலங்கச் சொன்னார். 82 வயதில், தனக்குப் பிடித்த மலையேற்றத்தின்போது மாரடைப்பில் இறந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் சர்ச்சில் இடமில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அவரை மாற்றியது காதலோ கல்யாணமோ பெரிய ஞானமோ இல்லை என்பது. ஒரு வார்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்த நர்சுகள். வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்த நேரத்தில் அது வந்தது, அவ்வளவுதான்.

உடம்புக்குள் இது எப்படி வேலை செய்கிறது? இதற்கு வேறு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். 2006-இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர், திருமணமான பதினாறு பெண்களை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, ‘காலில் லேசாக ஷாக் வரலாம்’ என்று எச்சரித்தார். ஒருமுறை தனியாக, ஒருமுறை முகம் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை கணவர் கையைப் பிடித்துக்கொண்டு. கணவர் கை இருந்தபோது மூளையின் பயப் பரபரப்பு நன்றாக அடங்கியது. அந்நியர் கையும் கொஞ்சம் உதவியது. ஆனால் கணவன் கை எவ்வளவு உதவியது என்பது கல்யாணம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. கை இருந்தால் போதாது, அது ஒத்துப்போகிற கையாக இருக்க வேண்டும்.

ஷெல்டன் கோஹன் செய்தது இன்னும் நேரடி. 1997-இல் வெளியான ஆய்வு. 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு விட்டுத் தனியே தங்க வைத்தார். யாருக்குச் சளி பிடித்தது என்று வாய்மொழியாகக் கேட்டதோடு விடவில்லை. மூக்குச் சிந்திய காகிதங்களைச் சேர்த்து எடை போட்டார்கள்! பெற்றோர், நண்பர், பக்கத்து வீடு, வேலையிடம், சங்கம் என்று ஆறு வகையோ அதற்கு மேலோ உறவு வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகைக்குள் சுருங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்கு. கவனிக்க வேண்டியது, எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வகை என்பது. ஆபீஸ் நண்பர்கள் நாற்பது பேர் இருந்தாலும் அது ஒரே வகைதான். வேலை போனால் நாற்பதும் ஒன்றாகப் போகும்.

கெட்ட உறவு என்ன செய்யும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 42 தம்பதிகளின் முன்கையில் சிறு கொப்புளங்களை உண்டாக்கி, ஒருமுறை இதமாகப் பேச விட்டார், இன்னொருமுறை அவர்களுக்குள் தீராத ஒரு சண்டையைப் பேச விட்டார். சண்டைக்குப் பிறகு புண் ஆற ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. எப்போதும் குத்திக் குத்திப் பேசும் தம்பதிகளுக்குப் புண் ஆறும் வேகம் மற்றவர்களின் வேகத்தில் அறுபது சதவீதம்தான். ‘என்ன இருந்தாலும் சேர்ந்து இருந்தாயிற்று’ என்பதே சாதனை என்று நினைக்கும் நம் குடும்பங்களில் இந்த ஒரு தகவலை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

சரி, தனி மனிதரை விட்டு ஓர் ஊரையே எடுத்துக்கொண்டால்? பென்சில்வேனியாவில் ரோசெட்டோ என்று ஓர் ஊர். தெற்கு இத்தாலியில் அதே பெயர் கொண்ட கிராமத்திலிருந்து ஸ்லேட் கல் குவாரி வேலைக்கு வந்தவர்கள் உண்டாக்கியது. இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அறுபத்தைந்து வயதுக்குக் கீழே யாருக்கும் இதய நோய் வருவதே அபூர்வம் என்று அங்கிருந்த ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னதை ஸ்டூவர்ட் வுல்ஃப் என்ற மருத்துவர் பிடித்துக்கொண்டார். சமூகவியலாளர் ஜான் புரூனோடு சேர்ந்து ஊரையே சோதித்தார். சாப்பாடு காரணமா? பன்றிக் கொழுப்பில் பொரித்துத் தின்றார்கள். புகைபிடித்தார்கள், ஒயின் குடித்தார்கள், பகலெல்லாம் குவாரித் தூசியை விழுங்கினார்கள். ஒரே தண்ணீர், ஒரே ஆஸ்பத்திரி இருந்த பக்கத்து ஊர் பாங்கரிலோ சாவு அமெரிக்கச் சராசரிப்படி நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் கண்ணில் பட்டது வீடுகள்தான். ஒரே கூரையில் மூன்று தலைமுறை. சாயங்காலம் தெருவில் நின்று பேச்சு. இருப்பவன் பகட்டு காட்டக் கூடாது, இல்லாதவன் கூசக் கூடாது என்ற ஊர் வழக்கம். 1964-இல் இதை வெளியிட்டபோதே, இளந்தலைமுறை இந்த வழக்கத்தை விட்டால் இந்தப் பாதுகாப்பும் போகும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அப்படியே ஆனது. காரும் மதில் சுவரும் தனி வீடும் வந்தன. ஊர் வழக்கம் தளரத் தளர மாரடைப்புச் சாவு ஏறி, பிந்தைய ஆண்டுகளில் பக்கத்து ஊர்களின் அளவைத் தொட்டுவிட்டது. சின்ன ஊர், குறைந்த எண்ணிக்கை, அதனால் இதை வைத்து அடித்துப் பேச முடியாது என்று சொல்பவர்கள் உண்டு, அது நியாயமான ஆட்சேபம். கூட்டுக் குடும்பத்துக்கு வக்காலத்து வாங்க இதை எடுக்கவும் நான் தயாரில்லை. அந்த வீடுகளின் அடுப்படியில் நின்ற மருமகள்களை யாராவது தனியாகக் கேட்டார்களா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

தமிழில் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பேசுகிறோம். ஆள் இல்லாமல் இருப்பது ஒன்று, ஆள் இருந்தும் ஒட்டாமல் இருப்பது இன்னொன்று. முதலாவது சில பேருக்குச் சுகம். மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து காபி குடிப்பவர்மேல் யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை. இரண்டாவதைத்தான் ‘ஒட்டுமில்லை உறவுமில்லை’ என்கிறோம். அதற்குக் கூட்டத்துக்கு நடுவிலும் இடம் உண்டு, கல்யாணத்துக்கு நடுவிலும் உண்டு. அரசாங்கங்கள் கவலைப்பட ஆரம்பித்திருப்பது இதைப் பற்றித்தான். பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கென்று அமைச்சர் பொறுப்பு ஒதுக்கின. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் இப்படித் தவிப்பதாகச் சொல்கிறது. அமைச்சர் போட்டால் தீருமா என்பது வேறு பேச்சு.

நான் சுற்றிச் சுற்றி அந்தப் பட்டுப் பெட்டிக்கே வருகிறேன். அன்பு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். பின் ஏன் பெட்டி திறக்கப்படுவதில்லை?

சிக்காகோவில் நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர் புறநகர் ரயிலில் ஒரு சோதனை செய்தார். சிலரைப் பக்கத்துப் பயணியிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார், சிலரைப் பேசாமல் வரச் சொன்னார். எது நன்றாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னால், வாயை மூடிக்கொண்டு வருவதே நிம்மதி என்றார்கள். உண்மையில் பேசியவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்தது என்றார்கள். 2018-இல் அமித் குமாரோடு சேர்ந்து அவர் செய்த இன்னோர் ஆய்வு நன்றிக் கடிதம் பற்றியது. எழுதியவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும், இதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்தார்கள். வாங்கியவர்கள் பூரித்துப் போனார்கள். சொல்பவன் வார்த்தை சரியாக வந்ததா என்று தவிக்கிறான். கேட்பவனுக்கு வார்த்தை முக்கியமே இல்லை, வந்ததே போதும்.

ஆக, அனுப்பும் பக்கத்தில் ஒரு தயக்கம். டாக்டரின் கதை வாங்கும் பக்கத்துத் தயக்கம். அது இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். வெறுப்பை எப்படிச் சமாளிப்பது என்று எல்லோருக்கும் பழக்கம் இருக்கிறது. நூறு பேர் உன்னை நேசிக்கிறார்கள் என்று ஒருவர் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? நான் அந்த அளவுக்குத் தகுதியானவனா என்ற கேள்வி வரும். இவர்களுக்குத் திருப்பிச் செய்யாமல் விட்டது எவ்வளவு என்ற கணக்கு வரும். அழுகை வந்துவிட்டால் என்ற பயம் வேறு. கடிதத்தைப் பிரிக்காத வரை எல்லாம் பத்திரம். வேலன்டும் இதைத்தான் சொல்கிறார்: அன்பும் நன்றியும் நம் மனசைத் திறந்து காட்டிவிடுகின்றன, காயப்பட இடம் கொடுக்கின்றன. உடனடி லாபம் எதுவும் இல்லை, ஆபத்து மட்டும் உடனடி.

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி ஒரு வேட்டி. மூன்று பொங்கலுக்கு முன் அப்பாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது, கரை மட்டும் கொஞ்சம் விலை. கையில் வாங்கிக்கொண்டு ‘எதுக்குடா இந்த வீண் செலவு, இருக்கறதே போதும்’ என்றார். போன மாதம் ஊருக்குப் போனபோது பீரோவைத் திறந்தால், பாலிதீன் கவர் பிரிக்காமல், விலை ஒட்டிய ஸ்டிக்கர் கிழிக்காமல், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு மேலே அது படுத்திருக்கிறது. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அம்மா சொன்னாள், வீட்டுக்கு யார் வந்தாலும் பீரோவைத் திறந்து ‘பையன் எடுத்தது’ என்று காட்டுகிறாராம். கட்டச் சொன்னால் மட்டும், ‘அழுக்காயிடும்’.

அந்த ஆய்வின் கேள்வித்தாளில் ஒரு கேள்வி உண்டு. நடுராத்திரியில் உடம்புக்கு முடியாமலோ பயத்திலோ எழுந்துகொண்டால் யாருக்கு போன் பண்ணுவீர்கள்? இருக்கிற பெயரையெல்லாம் எழுதுங்கள். சிலர் வரிசையாக எழுதினார்கள். சிலர் ஒரு பெயர்கூட எழுதவில்லை. அவர்களில் மனைவியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களும் உண்டு.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டேன். எங்கள் பேச்சு வழக்கமாகப் பத்து வினாடி. ‘நல்லா இருக்கியா, மழை உண்டா, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன்.’ அன்றைக்கு முந்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

‘எதுக்குடா? யாருக்கு என்ன ஆச்சு?’

யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மா ஒரு கட்டுரைக்காக என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. யோசிக்கிறார் என்று காத்திருந்தேன்.

‘இரு’ என்றார், ‘அம்மாகிட்ட குடுக்கிறேன்.’